சிலிக்கோன் ஒயில்: பெயரைச் சொல்லி வாங்கினால் நட்டம்

"நானா, சிலிக்கன் ஒயில் இரிக்கா?"

"இரிக்கி தம்பி. எத்தின லீற்றர்?"

வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையிலும், இரசாயனப் பொருட்கள் விற்கும் ஏனைய கடைகளிலும் நாள்தோறும் நடக்கின்ற பேச்சு இது. எந்த வேலைக்கு என்று கடைக்காரர் கேட்பதில்லை. எந்த இலக்கம் வேண்டும் என்று வந்தவரும் சொல்வதில்லை. அரிசி வாங்கப் போனால் சம்பாவா நாடா, பச்சையா புழுங்கலா என்று நான்கு கேள்வி கேட்கின்ற நாம், ஒரு பீப்பாவுக்கு இலட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் இந்தப் பொருளைப் பெயரை மட்டும் நம்பி வாங்குகின்றோம்.

எமக்கு அறிமுகமான சகோதரர் ஒருவர் டயர் பொலிஷ், டேஷ்போர்ட் பொலிஷ் என்பவற்றைச் சிறிய அளவில் தயாரித்து சேர்விஸ் ஸ்டேஷன்களுக்கு விநியோகித்து வருகின்றார். வழமையாக வாங்கும் இடத்தைவிடக் குறைந்த விலைக்கு '350' ஒயில் கிடைக்கின்றதென்று ஒரு தடவை வேறொரு இடத்தில் ஒரு பீப்பா வாங்கினார். பார்வைக்குக் குறை சொல்ல எதுவுமிருக்கவில்லை. நிறமில்லை, கலங்கல் இல்லை, விரலில் எடுத்துப் பார்த்தால் தடிப்பும் சரி. ஆனால் இரண்டு வாரத்துக்குள் பொருள் திரும்பி வரத் தொடங்கியது. பூசிய அன்று டயர் மினுங்குகின்றது, மறுநாள் கை வைத்தால் ஒட்டுகின்றது, தூசியெல்லாம் படிந்து டயர் சாம்பல் நிறமாகி விடுகின்றது என்பதே எல்லோரினதும் முறைப்பாடு. பீப்பாவுக்குள் இருந்தது என்ன என்பதைப் பின்னர் சொல்கின்றோம். முதலில் பொருளை அறிந்து கொள்வோம்.

மணலிலிருந்து ஓர் எண்ணெய்

சிலிக்கன் என்பது ஒரு மூலகம். கணினிச் சில்லுகள் செய்யப்படுவது அதில்தான். சிலிக்கா என்பது அந்த மூலகம் ஒட்சிசனுடன் சேர்ந்திருக்கும் நிலை, அதாவது நமது கடற்கரை மணலின் பெரும்பகுதி. சிலிக்கோன் என்பது இவ்விரண்டுமல்ல. சிலிக்கனும் ஒட்சிசனும் மாறி மாறிக் கோத்த சங்கிலியின் இரு பக்கத்திலும் மெதைல் என்னும் காபன் கூட்டங்கள் ஒட்டியிருக்கும் செயற்கைப் பொருளே சிலிக்கோன். சங்கிலி குட்டையாக இருந்தால் தண்ணீர் போன்ற ஒயில், நீளமாக இருந்தால் தேன் போன்ற ஒயில். சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் இறப்பர். குளியலறை ஓரத்தில் பூசும் சீலன்ட், கேக் சுடும் மெல்லிய அச்சு, டேஷ்போர்ட்டில் தெளிக்கும் ஸ்பிரே எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். கடைகளில் எல்லாவற்றுக்கும் 'சிலிக்கன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சில் பரவாயில்லை. ஆனால் வெளிநாட்டுக்கு ஓடர் அனுப்பும் கடிதத்தில் இந்த இரண்டு சொல்லையும் மாற்றி எழுதக்கூடாது.

இந்தப் பெயரை வைத்தவர் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் இரசாயனப் பேராசிரியராக இருந்த ஃபிரெட்ரிக் கிப்பிங். நாற்பது வருடம் போல இதிலேயே உழைத்தவர். அப்படியிருந்தும் இத்துறையில் உடனடியாகப் பெரிய முன்னேற்றம் வருமென்ற நம்பிக்கை தனக்கில்லை என்று 1930களின் பிற்பகுதியில் அவரே எழுதினார். சில வருடங்கள்தான் சென்றன. 1940களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியைச் சேர்ந்த யூஜின் ரோச்சோவும், அவரை அறியாமலே ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும், சிலிக்கன் உலோகத் தூளின் மீது மெதைல் குளோரைட் வாயுவைச் செலுத்தி, செம்பை ஊக்கியாகக் கொண்டு, ஏறக்குறைய 300 பாகை செல்சியஸில் மூலப்பொருளை மலிவாக எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் உலகம் முழுவதும் அதே வழிதான். இரண்டாம் உலகப் போரின்போது விமான இயந்திரங்களின் தீப்பொறித் தொகுதியை ஈரத்திலிருந்து காக்கும் பசையாக இது முதன்முதலில் பெருமளவில் பயன்பட்டது.

மணலிலிருந்து சிலிக்கன் உலோகத்தைப் பிரிக்க மின் உலை வேண்டும். மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். ஆகவே சிலிக்கோனின் விலை மசகெண்ணெய் விலையைவிட மின்சாரத்தின் பின்னாலேயே அதிகம் ஓடுகின்றது. 2021 செப்டெம்பரில் சீனாவின் யுன்னான் மாகாணம் மின் பாவனையைக் கட்டுப்படுத்துவதற்காக அங்குள்ள சிலிக்கன் ஆலைகளின் உற்பத்தியை 90 வீதம் வரை குறைக்கும்படி உத்தரவிட்டது. அதையொட்டி உலகெங்கும் சிலிக்கோன் விலை எகிறியது. பின்னர் அதே வேகத்தில் இறங்கியும் விட்டது. உச்ச விலையில் வாங்கி வைத்தவர்களுக்கு அதற்கடுத்த வருடம் ரூபாவும் சரிந்தது. இப்பொருளை இறக்குமதி செய்பவர்கள் சீனாவின் மின்சாரச் செய்திகளையும் ஒரு கண்ணால் பார்த்துக் கொள்வது நல்லது.

350 என்றால் என்ன?

பீப்பாவில் எழுதியிருக்கும் 100, 350, 1000, 12,500 என்ற இலக்கங்கள் விலையுமல்ல, தரமுமல்ல. ஒயில் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு, அதாவது பாடசாலையில் பிசுக்குமை என்று படித்தது. அளவு சென்டிஸ்டோக். வழக்கமாக 25 பாகை செல்சியஸில் அளந்து எழுதுவார்கள். தண்ணீர் ஏறத்தாழ 1. சமையல் எண்ணெய்கள் 50 முதல் 80 அளவில் நிற்கும். ஆமணக்கெண்ணெய் 700 அளவு. தேன் பல ஆயிரம். சிலிக்கோன் ஒயிலோ 0.65இல் தொடங்கிப் பத்து இலட்சத்தையும் தாண்டிப் போகின்றது. வேறெந்த எண்ணெய்க் குடும்பத்திலும் இவ்வளவு அகலமான வரிசை இல்லை.

ஆகக் குறைந்த 0.65 பெற்றோல் போல ஆவியாகும், பெற்றோல் போலவே தீப்பற்றும். அதைச் சாதாரண ஒயில் என்று நினைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. 50 தீப்பற்றுவதற்கு மிகக் கடினமான ஒயில் என்பதால் கட்டடங்களுக்குள் வைக்கப்படும் சில மின்மாற்றிகளில் ஊற்றப்படுகின்றது. முன்னர் அந்த வேலைக்குப் பாவித்த பீசீபீ என்ற நச்சு எண்ணெய் தடைசெய்யப்பட்ட பின்னரே இதற்கு அந்த இடம் கிடைத்தது. நமது வியாபாரிகளின் கையில் அதிகம் புழங்குவது 350உம் 1000உம்தான். பொலிஷ் வகைகள், இறப்பர், பிளாஸ்டிக் அச்சுகளில் பொருள் ஒட்டாமலிருக்கப் பூசுவது, தையல் நூல் ஊசியின் சூட்டில் அறுந்து போகாமலிருக்கக் கொடுக்கும் பூச்சு, உடற்பயிற்சி நடை இயந்திரத்தின் பட்டிக்கு அடியில் விடுவது என்று வேலைகள் பல. 12,500, 60,000 போன்ற தடித்தவை தலைமுடி சீரம், பொலிஷ், நுரை அடக்கி என்பவற்றுக்குள் போகின்றன.

பெரிய உற்பத்தியாளர்களின் பெயர்க் குறியீட்டிலேயே இந்த இலக்கம் இருக்கும். ஜப்பானின் ஷின்எட்சு 'கேஎஃப்-96' என்று எழுதிப் பின்னால் இலக்கத்தைப் போடும். ஜெர்மனியின் வாக்கர் 'ஏகே 350' என்று எழுதும். டவ் கோர்னிங் என்ற பழைய பெயர் 2018இலிருந்து டவ்சில் என்று மாறிவிட்டது. சாதாரண வகைகளை அதே கம்பனி சியாமீட்டர் என்ற பெயரில் விற்கின்றது. லேபலில் இலக்கமே இல்லாத பீப்பாவை வாங்குவதைவிட வாங்காமலிருப்பது இலாபம்.

நம்மவர்கள் செய்யும் கணக்குப் பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கையில் 100உம் 1000உம் இருக்கின்றது, கேட்பவருக்கு 550 வேண்டும், சரிபாதி கலந்தால் வந்துவிடும் என்று நினைப்பார்கள். வராது. பிசுக்குமை அப்படிக் கூடிக் கழிவதில்லை. சரிபாதி கலந்தால் 300ஐச் சுற்றித்தான் நிற்கும். கலந்து விற்பது பிழையல்ல, உற்பத்தியாளர்களே செய்வதுதான். ஆனால் சிறிதளவில் கலந்து, அறிந்த மாதிரியுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பீப்பாவில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று: சீனாவிலிருந்து வரும் பீப்பா பெரும்பாலும் 200 கிலோ. நாம் விற்பது லீற்றரில். ஒரு லீற்றர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பதால் 200 கிலோவில் ஏறத்தாழ 206 லீற்றர் கிடைக்கும். விலை போடும்போது இந்த ஆறு லீற்றரையும் கணக்கில் எடுப்பவர் எடுப்பார், மறப்பவர் மறப்பார்.

குணமும் குற்றமும்

மினரல் ஒயில் சூடேறினால் தண்ணீராகிவிடும். 40 பாகையில் 100 சென்டிஸ்டோக் இருக்கும் ஒரு சாதாரண மினரல் ஒயில் 100 பாகையில் 11 அளவுக்கு இறங்கிவிடும். அதே இடத்தில் சிலிக்கோன் ஒயில் 40 அளவில் நின்று பிடிக்கும். குளிரில் மைனஸ் 50 பாகை வரை உறையாது. காற்றுப்படும் இடத்தில் 150 பாகை வரை நீண்ட காலம் தாங்கும், மூடிய தொகுதியில் 200 பாகை வரை. அதற்கு மேல் சென்றால் மெல்ல மெல்லத் தடித்து ஜெலியாகும்.

இந்தக் குணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வேன், ஜீப்புகளின் ரேடியேட்டருக்குப் பின்னாலுள்ள பேன் கிளச்சைப் பாருங்கள். என்ஜின் சுற்றும் சக்தியைக் காற்றாடிக்குக் கடத்துவது அதற்குள் அடைபட்டிருக்கும் சிலிக்கோன் ஒயிலின் பிடிதான். என்ஜின் சூடேறும்போது முன்னாலுள்ள ஈருலோகச் சுருள் வால்வைத் திறந்து ஒயிலை உள்ளே விடும், பிடி இறுகும், காற்றாடி வேகமெடுக்கும். ஒயில் கசிந்து குறைந்தால் காற்றாடி சோம்பும், என்ஜின் கொதிக்கும். ஜப்பானிய வாகனங்களுக்கென 3,000, 6,000, 10,000 சென்டிஸ்டோக் அளவுகளில் 18 மில்லி லீற்றர் டியூப்களில் இது வருகின்றது. ஆனால் சில கராஜ்களில் 'சிலிக்கன் ஒயில்தானே' என்று பொலிஷுக்குரிய 350ஐ ஊற்றிவிடுகிறார்கள். பத்திலொரு பங்கு பிடிகூடக் கிடைக்காது. வாடிக்கையாளர் ஏற்றத்தில் வாகனத்தைக் கொதிக்கவிட்டுக்கொண்டு நிற்பார். தேவைக்கு மேல் தடித்ததை ஊற்றினால் காற்றாடி எந்நேரமும் இரைந்துகொண்டே சுற்றும், எரிபொருள் வீணாகும்.

தண்ணீரோடு சேராது, மின்சாரத்தைக் கடத்தாது, மணமில்லை, பெரும்பாலான இறப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்காது. (சிலிக்கோன் இறப்பரை மட்டும் ஊதவைக்கும். தன் இனத்தைத் தானே கெடுக்கும் பொருள் இது.) இவ்வளவு நல்லதைக் கேட்டபின் எல்லா இடத்துக்கும் இதுதான் சிறந்த எண்ணெய் என்று தோன்றும். அப்படியல்ல. இரும்போடு இரும்பு அழுந்தித் தேயும் இடத்தில், பற்சக்கரங்கள், கனமான பெயாரிங்குகள் போன்றவற்றில், சாதாரண சிலிக்கோன் ஒயில் மோசமான எண்ணெய். அழுத்தத்தின் கீழ் அதன் படலம் அறுந்துவிடும். இறப்பரும் பிளாஸ்டிக்கும் உராயும் இடத்துக்குத்தான் அது பொருத்தம். விலை கூடியது என்பதால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று விற்பவர் வாடிக்கையாளரின் இயந்திரத்தைத் தின்னக் கொடுக்கின்றார்.

அடுத்த குற்றம் பெயின்ட் வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவை 72 என்றால் சிலிக்கோன் ஒயிலுக்கு 21தான். அதனால் எந்தப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பரவிவிடும். பலமுறை பொலிஷ் போட்ட காரின் மீது புதுப் பெயின்ட் அடித்தால், ஒயில் இருந்த புள்ளியைப் பெயின்ட் விட்டு விலகி, மீன் கண் போல வட்ட வட்டமாகப் பள்ளம் விழும். அதற்கு மேல் எத்தனை கோட் அடித்தாலும் பள்ளம் மறையாது. சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் சிலிக்கோன் நீக்கும் திரவத்தால் துடைத்த பின்னரே மணல்தாள் போட வேண்டும் என்கின்றார்கள். முதலில் மணல்தாள் போட்டால் ஒயிலைக் கீறல்களுக்குள் தேய்த்துப் புதைத்த கதையாகிவிடும். பெயின்ட் அடிக்கும் அறைக்குப் பக்கத்தில் டேஷ்போர்ட் ஸ்பிரே அடிப்பதுகூட ஆபத்து.

பாதணித் தொழில் செய்யும் நமது சகோதரர்களுக்கும் இதே சோதனை உண்டு. சோல் வார்க்கும் அச்சில் சிலிக்கோன் ஸ்பிரே தாராளமாக அடித்தால் சோல் அழகாகக் கழன்று வரும், ஆனால் பின்னர் பசை பிடிக்காது. கடைக்குப் போன சப்பாத்து மூன்று மாதத்தில் வாய் திறக்கும். பசைக் கம்பனியைத் திட்டுவதற்கு முன் அச்சில் அடித்தது என்னவென்று பாருங்கள். இரும்போடு இறப்பரை ஒட்டவேண்டிய புஷ் வகைகளுக்கும் இது பொருந்தும்.

தரையில் சிந்தினால் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவிப் பயனில்லை, வழுக்கல் அப்படியே இருக்கும். மரத்தூள் போட்டு ஒற்றியெடுத்து, மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானால் துடைக்க வேண்டும்.

ஒரே பீப்பா, வேறு வேறு பிறவி

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரண டைமெதைல் வகை. சங்கிலியின் பக்கத்திலுள்ள மெதைலில் ஒரு சிலவற்றை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டினால் ஒயிலின் குணமே மாறும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

அமினோ வகை துணியோடு பிடித்துக்கொள்ளும். ஆடைத் தொழிற்சாலைகளும் வொஷிங் பிளான்ட்களும் துணியை மிருதுவாக்கப் பாவிக்கும் சொப்ட்னரின் உயிர் இதுதான். கார் பொலிஷ் மழையில் கழுவுப்படாமல் நிற்பதற்கும் இதைச் சிறிதளவு சேர்ப்பார்கள். ஆனால் சூடுபட்டால் வெள்ளைத் துணியை மஞ்சளாக்கும் குணம் இதற்கு உண்டு. வெள்ளைத் துணிக்கென மஞ்சளிக்காத வகைகள் தனியாகக் கிடைக்கின்றன, விலை கூட. கறுப்பு டெனிமுக்கு வாங்கியதை வெள்ளைச் சேட்டுக்குப் போட்டால் ஓடர் முழுவதும் போய்விடும்.

பீனைல் வகை 250 பாகை வரை தாங்கும், விலையும் அதற்கேற்பப் பல மடங்கு. போலியீதர் வகை தண்ணீரோடு சேரும், போம் மெத்தை வார்க்கும்போது குமிழிகள் ஒரே அளவில் நிற்பதற்கு அது இல்லாமல் முடியாது. டி4, டி5 என்னும் வளைய வகைகள் அழகுசாதனங்களில் பாவிக்கப்படுபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31 முதல் கழுவி நீக்கும் அழகுசாதனங்களில் இவற்றை 0.1 வீதத்துக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தியது. 2024இல் வந்த புதிய ஒழுங்குவிதி டி6ஐயும் சேர்த்து, கழுவாமல் விடும் பொருட்களுக்கும் 2027 ஜூனிலிருந்து அதை விரிவாக்குகின்றது. ஐரோப்பாவுக்கு ஷாம்பூ, சீரம் ஏற்றுமதி செய்ய நினைப்பவர்கள் தங்கள் மூலப்பொருளின் சான்றிதழில் இந்த மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது மெதைல் ஐதரசன் வகை. துணி, ஜிப்சம் பலகை, தீயணைப்புத் தூள் போன்றவற்றைத் தண்ணீர் பிடிக்காமல் செய்ய உதவுகின்றது. பார்ப்பதற்குச் சாதாரண 20 ஒயில்தான். ஆனால் கோஸ்டிக் சோடாவோ அமிலமோ சிறிது பட்டாலும் ஐதரசன் வாயுவை விடும். எரியும், அடைத்த பாத்திரத்தை வெடிக்கவும் வைக்கும். சவர்க்கார மூலப்பொருளும் இதுவும் ஒரே களஞ்சியத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கொஸ்டிக் அள்ளிய பாத்திரத்தால் இதை அள்ளவும் கூடாது. உப்பிய கேனைக் கண்டால் வெயிலின் சூடு என்று விட்டுவிட வேண்டாம்.

பால் போன்ற ஒயில்

ஒயிலைத் தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்து பால் போல ஆக்கியது எமல்ஷன். 30, 35, 60 வீதம் என்று வரும். டயர் பொலிஷ், அச்சுப் பூச்சு, நுரை அடக்கி என்று நம் நாட்டில் சில்லறையாக அதிகம் விற்பனையாவது இதுதான். ஏமாறுவதும் இதில்தான் அதிகம். ஏனெனில் 35 வீதத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றினால் அதுவும் பால்தான்.

இதை அறிய இலகுவான வழி இருக்கின்றது. 10 கிராமைத் தட்டையான கிண்ணத்தில் நிறுத்து, 105 பாகை அளவுச் சூட்டில் தண்ணீர் முழுவதும் போகும்வரை வைத்து, மீண்டும் நிறுங்கள். 35 வீத எமல்ஷன் என்றால் 3.5 கிராம் அளவில் எஞ்ச வேண்டும். 2 கிராம் எஞ்சினால் ஏழு கேனுக்கு மூன்று கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

உணவுத் துறையில் இருப்பவர்கள் ஹலால் பற்றிக் கேட்பதுண்டு. ஈ900 என்று லேபலில் காண்பது இதே டைமெதைல் சிலிக்கோன்தான். பொரிக்கும் எண்ணெய் நுரைக்காமலிருக்க ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை கோடெக்ஸ் தரம் அனுமதிக்கின்றது. மணலிலிருந்தும் மெதனோலிலிருந்தும் வருவதால் ஒயிலில் விலங்குச் சம்பந்தம் எதுவுமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எமல்ஷனில் ஒயிலையும் தண்ணீரையும் பிணைக்கும் பொருள் எது? அது கொழுப்பமிலத்திலிருந்து செய்யப்பட்டதாக இருந்தால் அந்தக் கொழுப்பு தாவரத்தினதா விலங்கினதா? சான்றிதழை அதற்குத்தான் கேட்க வேண்டும். கைத்தொழில் தரத்து ஒயிலை உணவுக்கோ மருந்துக்கோ பாவிப்பது ஹலால் ஹராம் பேச்சுக்கு முன்னரே சட்டப்படி குற்றம். விழித்திரை கழன்றவர்களின் கண்ணுக்குள் வைத்தியர்கள் நிரப்புவதும் 1000, 5000 சென்டிஸ்டோக் சிலிக்கோன் ஒயிலைத்தான். அதன் சுத்திகரிப்பும் விலையும் வேறு உலகம்.

பிரேக் ஒயில் பற்றி ஒரு வார்த்தை. டொட் 3, டொட் 4, டொட் 5.1 மூன்றும் கிளைக்கோல் வகை. டொட் 5 மட்டும் சிலிக்கோன், பெரும்பாலும் ஊதா நிறத்தில் வரும். ஒன்றோடொன்று சேராது. 5க்கும் 5.1க்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று ஊற்றிக் கொடுத்தால் விளைவு பிரேக்கில் தெரியும். இரண்டையும் கடையில் ஒரே தட்டில் அடுக்காதீர்கள்.

தராசு போதும்

இப்போது அந்தப் பீப்பாவுக்கு வருவோம். அதில் இருந்தது 350 அல்ல. மிகத் தடித்த மலிவான சிலிக்கோனைப் பெற்றோலிய கரைப்பானில் கரைத்து, 350 போலத் தோன்றும் தடிப்புக்குக் கொண்டு வந்திருந்தார்கள். டயரில் பூசியதும் கரைப்பான் பறந்துவிட்டது. எஞ்சிய பசை ஒட்டியது, தூசியைப் பிடித்தது. கண்டுபிடித்தது எந்த ஆய்வுகூடமும் அல்ல, ஒரு மிட்டாய்த் தராசு. 50க்கு மேற்பட்ட சாதாரண சிலிக்கோன் ஒயில் நமது வெப்பநிலையில் லீற்றருக்கு 960 முதல் 970 கிராம் வரை நிறுக்கும். அந்தப் பீப்பாவில் ஒரு லீற்றர் 900 கிராமைக்கூட எட்டவில்லை. பெற்றோலியப் பொருள் இலேசானது, பொய் சொல்லாது.

இன்னும் சில வழிகள். கண்ணாடித் துண்டில் சிறிது பூசி ஒரு நாள் வையுங்கள். நல்ல 350 மறுநாளும் அப்படியே இருக்கும். கலப்படம் இறுகி ஒட்டும். உலோகக் கரண்டியில் சில துளி எடுத்து வெளியிடத்தில் எரித்தால் சிலிக்கோன் வெண்சாம்பலை விடும், மினரல் ஒயில் கரியை விடும். லிக்விட் பரபின் கலந்திருந்தால் இந்தச் சிரமமும் வேண்டியதில்லை, 350உடன் அது சேராமல் கலங்கி நிற்கும். இலக்கத்தைச் சரிபார்க்க ஒரே அளவான இரண்டு போத்தல்களில் அறிந்த 350ஐயும் புதியதையும் கழுத்துவரை நிரப்பி மூடி, ஒரே நேரத்தில் தலைகீழாக்குங்கள். காற்றுக் குமிழி இரண்டிலும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் சிறு வயதிலிருந்து கேட்டது. பீப்பாவுக்குள் கை விட்டுப் பார்ப்பது வாங்குபவரின் வேலை மட்டுமல்ல. சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் கடைக்காரரும் தான் ஊற்றுவது என்னவென்று அறிந்திருக்க வேண்டும். அந்தச் சகோதரருக்குப் பீப்பாவை விற்றவர், தானும் ஏமாந்து வாங்கியதாகவே சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

இறக்குமதி செய்பவர்களுக்கு

தூய சிலிக்கோன் ஒயிலும் அதன் எமல்ஷனும் சுங்கத்தின் ஒத்திசைவுக் குறியீட்டில் 3910 என்ற தலைப்பின் கீழ் வரும். துணிக்கான சொப்ட்னராகத் தயாரித்தது 3809, உராய்வுக்குரிய தயாரிப்பு 3403, பொலிஷ் 3405. தலைப்பு மாறினால் வரியும் மாறலாம். எனவே பட்டியலில் 'சிலிக்கன் ஒயில்' என்று மட்டும் எழுதி வந்தால் துறைமுகத்தில் கேள்வி வரும், நாட்கூலி ஏறும். இன்வொய்ஸில் வகை, இலக்கம், எமல்ஷனாயின் வீதம் மூன்றும் இருக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் பகுப்பாய்வுச் சான்றிதழும் பாதுகாப்புத் தரவுத் தாளும் வேண்டும். சான்றிதழில் உள்ள தொகுதி இலக்கமும் பீப்பாவில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள், பழைய சான்றிதழையே எல்லாவற்றுக்கும் அனுப்புபவர்கள் உண்டு.

பீப்பாவைத் திறக்கும் அன்றே இரண்டு போத்தல் மாதிரி எடுத்து, திகதியும் தொகுதி இலக்கமும் எழுதி, விற்பவரின் முன்னிலையில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம். மேலே சொன்ன சகோதரர் இப்போது அப்படித்தான் செய்கின்றார். அவரது கடையின் பின் அறாக்கையில் வரிசையாகப் போத்தல்கள் நிற்கின்றன, முதலாவது போத்தலில் அந்தப் பழைய பீப்பாவின் ஒயில்.